கர்குமின்: அளந்தால் 48,800, கணினியில் 61,500. அகலத்தை மாற்றிப் பொருத்திவிடலாமா?

மஞ்சள்கிழங்கு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் முதலாண்டு ஆய்வு மாணவி. ஒரே மூலக்கூறை ஆய்வகத்திலும் அளந்து, கணினியிலும் கணக்கிட்டு, இரண்டையும் ஒப்பிட்டுக் காட்ட வேண்டும் என்பது வழிகாட்டி எனக்குக் கொடுத்த முதல் பாடம். மூலக்கூறு கர்குமின், மஞ்சளுக்கு நிறம் தரும் பொருள். "ஈரோட்டுப் பொண்ணுக்கு இதைவிட வேறென்ன கொடுக்கறது" என்று கிண்டல் வேறு.

செய்தது இதுதான். 3.7 மில்லிகிராம் எடை போட்டு 100 மி.லி. மெத்தனாலில் கரைத்தேன். அதிலிருந்து 1 மி.லி. எடுத்து 10 மி.லி. ஆக்கினேன். மோலார் எடை 368.4. ஆக, செறிவு 1.004 × 10⁻⁵ மோலார். 1 செ.மீ. குவார்ட்ஸ் குவெட். உச்சி 423 நானோமீட்டரில், அப்சார்பன்ஸ் (ஒளி உறிஞ்சல் அளவு) 0.49. எப்சிலான் (1 மோலார் செறிவுக்கு, 1 செ.மீ. தடிப்புக்கு எவ்வளவு உறிஞ்சல் என்ற எண்) 48,800 என்று வருகிறது.

கணினியில் ஈனால் வடிவத்தை எடுத்துக்கொண்டேன். கணக்கு முறை பி3எல்ஒய்பி, அடிக்கணம் 6-31ஜி(டி), கரைப்பான் எதுவும் சேர்க்கவில்லை. பெரிய பட்டை முழுக்க முதல் கிளர்வு நிலைதான், ஹோமோவிலிருந்து (எலெக்ட்ரான் நிறைந்தவற்றில் மேல் ஆர்பிட்டால்) லூமோவுக்கு (காலியானவற்றில் கீழ் ஆர்பிட்டால்). ஆசிலேட்டர் ஸ்ட்ரெங்த், அதாவது அந்தக் கிளர்வின் மொத்த உறிஞ்சு வலு, 1.52. (இனி இதை எஃப் என்றே எழுதுகிறேன்.) படம் வரையும் நிரலான காஸ்வியூவில் யுவி படத்தைத் திறந்தால் உச்சி 61,500.

1.26 மடங்கு வித்தியாசம். "கரைசலை மறுபடி போடு" என்றார் வழிகாட்டி. மூன்று தடவை போட்டாயிற்று: 47,900, 48,800, 48,200. கைத்தவறு என்றால் மூன்று தடவையும் ஒரே பக்கமாகவா தவறும்?

நேற்று ராத்திரி அந்தப் படத்தின் ஓரத்தில் அரை அகலம் (பாதி உயரத்தில் பட்டையின் அகலத்தில் பாதி) என்று ஒரு பெட்டியைப் பார்த்தேன். அதில் 0.333 எலெக்ட்ரான் வோல்ட் என்று இருந்தது. சும்மா 0.2 என்று போட்டுப் பார்த்தேன். உச்சி 1,02,000-க்கு ஏறிவிட்டது! தூக்கிவாரிப் போட்டது. அப்புறம் 0.42 என்று போட்டால், அச்சு அசலாக 48,800.

0.42 என்று வைத்துப் படத்தை ஒட்டிவிடலாமா? மனசு ஒப்பவில்லை, ஆனால் ஏன் கூடாது என்றும் சொல்லத் தெரியவில்லை.

---

டப்பாமூடி எழுதியது:

முதலில் டப்பாவைப் பாருங்கள். கடையில் வரும் கர்குமின் சுத்தமான கர்குமின் கிடையாது. சுமார் 77 சதவீதம் கர்குமின், 17 சதவீதம் டீமெதாக்சி, 3 சதவீதம் பிஸ்டீமெதாக்சி. 48,800-ஐ 0.77-ஆல் வகுத்தால் 63,000. உங்கள் கணினி சொன்னது கிட்டத்தட்ட சரி. பிரச்சினை முடிந்தது.

---

ரெட்டைக்கற்றை எழுதியது:

டப்பாமூடி, அவ்வளவு சுலபமாக முடியாது. மற்ற இரண்டும் நிறமில்லாத மாவு என்றால் உங்கள் வகுத்தல் சரி. அவை கர்குமினின் கூடப்பிறந்தவை. ஓரிரண்டு மெதாக்சி தொகுதி குறைவு, அவ்வளவுதான். அதே 420 பக்கத்தில், ஏறக்குறைய அதே அளவு உறிஞ்சும். இன்னொன்று: அவை எடை குறைந்தவை (338, 308). ஒரு மில்லிகிராமில் மூலக்கூறு எண்ணிக்கை சற்றுக் கூடவே இருக்கும். மூன்றுக்கும் ஒரே எப்சிலான் என்று வைத்து நான் போட்டுப் பார்த்ததில், மீதி 3 சதவீதம் வெறும் குப்பை என்றாலும் மொத்தப் பிழை 1 சதவீதத்துக்குள்தான் வருகிறது. 77-ஆல் வகுத்தது தவறு. விடை பொருந்துகிறது என்பதற்காக வகுத்ததுபோல் இருக்கிறது. அந்தப் பொண்ணு 0.42 போட்டதும் அதே ஆசையில்தான். என்ன, அவருக்கு மனசு ஒப்பவில்லை என்கிறார்.

சரி, மஞ்சள்கிழங்கு, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நான் எட்டு வருடம் சாயப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவன். அங்கே உச்சியை மட்டும் பார்த்து "ஸ்ட்ரெங்த் 98 சதவீதம்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவோம். அது செல்லும். ஏனென்றால் ஸ்டாண்டர்டும் சாம்பிளும் ஒரே சாயம், பட்டையின் அகலமும் ஒன்றே. அந்தப் பழக்கத்தோடு கணக்கீட்டுப் பக்கம் வந்தபோது நானும் உங்களைப் போலத்தான் மாட்டிக்கொண்டேன்.

கணினி தந்த விடை 1.52 மட்டும்தான். 61,500 அது தந்ததில்லை. எஃப் என்பது கரண்டியில் இருக்கும் மாவு. இழுத்து ஊற்றினால் தோசை, அப்படியே விட்டால் ஊத்தப்பம். தடிப்பு எவ்வளவு என்று கேட்டால் எவ்வளவு அகலம் என்று சொல்லியாக வேண்டும். உங்கள் கணக்கில் அகலத்துக்கு வழியே இல்லை. ஒரே ஒரு அசையாத வடிவத்தை வைத்து, ஒரே ஒரு கோடு போட்டிருக்கிறீர்கள். அந்தக் கோட்டுக்கு 0.333 என்று அகலம் கொடுத்தது படம் வரையும் நிரல். அந்த அகலத்துக்கு எஃப்-ஐ 40,490-ஆல் பெருக்கினால் உச்சி வந்துவிடும், 1.52-ஐப் பெருக்கிப் பாருங்கள். எல்லா மூலக்கூறுக்கும் அதே 40,490. கர்குமினுக்கும் அதே, ரோடமின் 6ஜி என்ற சாயத்துக்கும் அதே.

ரோடமின் 6ஜி-யைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. எத்தனாலில் 530-இல் அதன் எப்சிலான் 1,16,000. கர்குமினைவிட இரண்டு மடங்குக்கு மேல் உயரம். ஆனால் பட்டை ஊசி மாதிரி. பரப்பிலிருந்து எஃப்-ஐக் கணக்கிட்டால் ஒன்றுக்குக் கீழேதான் நிற்கும். உயரத்தை வைத்து "ரோடமின்தான் வலுவாக உறிஞ்சுகிறது" என்றால் சாயக்காரர் ஒப்புக்கொள்வார். எஃப் ஒப்புக்கொள்ளாது.

ஆகவே கணினி எஃப்-ஐ உச்சியாக மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். நீங்கள் அளந்த பட்டையை எஃப்-ஆக மாற்றுங்கள். வாய்பாடு ரொம்பப் பழசு: எஃப் = 4.32 × 10⁻⁹ × பரப்பு. பரப்பு என்றால் எப்சிலானை அலைஎண்ணுக்கு எதிராக, அதாவது செ.மீ⁻¹ அச்சில் வரைந்து, அதன் கீழ் வரும் பரப்பு. நானோமீட்டர் அச்சில் கூட்டிவிட்டு என்னிடம் வந்தவர்கள் நிறையப் பேர். 423-இல் 1 நானோமீட்டர் என்பது 56 செ.மீ⁻¹. 350-இல் அதே 1 நானோமீட்டர் 82. 500-இல் வெறும் 40. அச்சே இப்படி இழுபடும்போது பரப்பு மட்டும் எப்படி நேராக வரும்?

கைக்கணக்குக்கு ஒரு சுருக்குவழி: பட்டை மணி வடிவம் என்று வைத்துக்கொண்டால், எஃப் = 4.6 × 10⁻⁹ × உச்சி எப்சிலான் × முழு அகலம். அந்த முழு அகலத்தைப் பாதி உயரத்தில் எடுக்க வேண்டும். உங்கள் ஸ்பெக்ட்ரத்தில் அப்சார்பன்ஸ் 0.245 ஆகும் இரண்டு இடங்கள் எவை என்று பார்த்துச் சொல்லுங்கள்.

---

மஞ்சள்கிழங்கு எழுதியது:

நன்றி அண்ணா. 382-இலும் 460-இலும்.

---

ரெட்டைக்கற்றை எழுதியது:

382 நானோமீட்டர் என்பது 26,178 செ.மீ⁻¹. 460 என்பது 21,739. கழித்தால் 4,440. இதில் பாதி 2,220. எலெக்ட்ரான் வோல்ட்டில் 0.275.

இப்போது பாருங்கள் வேடிக்கையை. உங்கள் கர்குமினின் உண்மையான அரை அகலம் 0.275. நிரல் போட்டது 0.333, அதாவது உண்மையைவிட அகலம். நீங்கள் போட நினைத்த 0.42 அதைவிட அகலம். மூலக்கூறு ஒரு பக்கம் போக, நீங்கள் எதிர்ப்பக்கம் போயிருக்கிறீர்கள். உண்மையான அகலத்தைப் பெட்டியில் போட்டால் கணினியின் உச்சி 74,500-க்கு ஏறும். அளந்ததோ 48,800. வித்தியாசம் 1.26 மடங்கு இல்லை, 1.5 மடங்கு.

பரப்பு வழியில் போனாலும் அதேதான்: 4.6 × 10⁻⁹ × 48,800 × 4,440 = 1.00. கணினி 1.52.

0.42 ஏன் கூடாது என்று கேட்டீர்கள் அல்லவா? ஐம்பது சதவீத இடைவெளியை அது ஒரே தட்டில் மறைத்துவிடும். அதில் பாதி உங்கள் குடுவையிலும் பாதி கணக்கிலும் இருக்கலாம். மறைத்துவிட்டால் எதையும் தேட மாட்டீர்கள்.

குடுவைப் பக்கம் எனக்குச் சந்தேகம் உண்டு. மெத்தனாலில் கர்குமினுக்கு 55,000 என்ற மதிப்பைத்தான் பலரும் எடுத்தாளுகிறார்கள். நீங்கள் பத்து சதவீதத்துக்கு மேல் கீழே இருக்கிறீர்கள். 3.7 மில்லிகிராமை எந்தத் தராசில் போட்டீர்கள்? கடைசி இலக்கம் 0.1 மி.கி. காட்டும் தராசு என்றால் அந்த ஒரு இலக்கம் ஆடினாலே 3 சதவீதம் போச்சு. மூன்று தடவையும் ஒரே பக்கம் தவறுகிறது என்றால் அது தராசின் ஆட்டமாக இருக்காது. ஒரே தவறை மூன்று தடவை செய்கிறீர்கள். கரைந்ததா என்று குடுவையின் அடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தீர்களா?

கருவி மேல் சந்தேகம் இருந்தால் பொட்டாசியம் டைகுரோமேட்டை எடுங்கள். லிட்டருக்கு 60 மி.கி., நீர்த்த கந்தக அமிலத்தில். 350 நானோமீட்டரில் 0.64 பக்கம் வர வேண்டும். மருந்துக் கம்பெனிக்காரர்கள் கருவியைச் சோதிப்பது இப்படித்தான்.

---

லூமோதம்பி எழுதியது:

அண்ணா குடுவையைப் பார்த்துக்கொள்ளட்டும், நான் கணக்குப் பக்கம் சொல்கிறேன்.

அக்கா, முறையை உயர்த்தினால் இடைவெளி குறையும் என்று நம்பிப் போக வேண்டாம். கர்குமின் மாதிரி நீளமான சங்கிலியில் வலுவான ஹோமோ–லூமோ பட்டைக்கு, பி3எல்ஒய்பி-யிலிருந்து கேம்-பி3எல்ஒய்பி-க்கு (அதன் நீள்தூரத் திருத்தம் செய்த வடிவம்) போனால் எஃப் பெரும்பாலும் ஏறும். பிசிஎம் போட்டுக் கரைப்பானைச் சேர்த்தாலும் ஏறும். அலைநீளம் சரியாகிக்கொண்டு வரும், எஃப் விலகிப் போகும். முதல் தடவை பார்க்கும்போது எரிச்சலாகத்தான் இருக்கும்.

டிடிஏ (கணக்கைச் சுருக்கும் ஒரு தோராயம்) போடாதீர்கள். நேரம் மிச்சம் என்று ஒரு தொடர் சாயங்களுக்கு நான் அதைப் போட்டு, எஃப் எல்லாம் வீங்கிப்போய், இரண்டு வாரம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். ஆற்றலுக்கு டிடிஏ பரவாயில்லை. எஃப்-க்கு ஆகாது. எல்லா நிலைகளின் எஃப்-ஐயும் கூட்டினால் எலெக்ட்ரான் எண்ணிக்கை வர வேண்டும் என்ற விதியையே அது காப்பாற்றுவதில்லை. சில நிரல்களில் நீங்கள் கேட்காமலே டிடிஏ ஆன் ஆகி இருக்கும், உள்ளீட்டைப் பாருங்கள்.

நீங்கள் கணக்கிட்டது தட்டையாக, அசையாமல் கிடக்கும் ஒரு மூலக்கூறு. குடுவையில் இருப்பது அறை வெப்பத்தில் முறுக்கிக்கொண்டும் வளைந்துகொண்டும் இருக்கும். முறுக்கினால் பை எலெக்ட்ரான்களின் தொடர்ச்சி அறுபடும், எஃப் குறையும். கணினி எண் மேலே நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒளிவிலகல் எண் சமாச்சாரமும் இருக்கிறது. அண்ணா சொன்ன வாய்பாட்டில் அது இல்லை. மெத்தனாலுக்கு 1.33. லோரன்ட்ஸ் முறையில் திருத்தினால் அளந்த எஃப்-ஐ 0.84-ஆல் பெருக்க வேண்டும். மூலக்கூறு ஒரு வெற்றுக் குழியில் இருப்பதாக வைத்தால் 0.97. எந்தத் திருத்தம் சரி என்பதில் ஆளுக்கொரு கட்சி. என்னைக் கேட்டால் திருத்தாமல் போட்டு, திருத்தவில்லை என்று எழுதிவிடுவது மேல். ஒரே அட்டவணையில் சிலதைத் திருத்தி சிலதைத் திருத்தாமல் விடுவதுதான் பாவம்.

கணக்கை வெறும் கணக்கோடு ஒப்பிடுவதென்றால் நிலைமை இவ்வளவு மோசம் இல்லை. டெனி ஜாக்மான் குழு 2021-இல் சிறு மூலக்கூறுகளுக்குக் கப்பிள்டு கிளஸ்டர் என்ற உயர்மட்ட முறையில் மிகத் துல்லியமான எஃப் மதிப்புகளைப் போட்டிருக்கிறார்கள். அவற்றோடு டிடி-டிஎஃப்டி-யை (பி3எல்ஒய்பி வைத்து நீங்கள் போட்ட வகைக் கணக்கை) வைத்துப் பார்த்தால் அகலம், கரைப்பான், குடுவை எதுவும் குறுக்கே வராது. அளவீட்டுப் பக்கம் என்றால், கொரியா பல்கலைக்கழகக் குழு 2020-இல் வெளியிட்ட தொகுப்பில் 7,016 நிறமூலக்கூறுகள் இருக்கின்றன. சிலவற்றுக்கு எப்சிலானும் பாதி உயர அகலமும் சேர்ந்தே கிடைக்கும். அண்ணாவின் 4.6 வாய்பாட்டில் போட்டால் அரை நிமிடத்தில் எஃப்.

---

ஆறுமூலை எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்குப் பென்சீன். கணினியில் முதல் நிலைக்கு எஃப் 0.0000. ஆனால் 255 பக்கம் பல் பல்லாக ஒரு பட்டை கண்ணால் பார்க்கிறேனே? பூஜ்யத்தால் எப்படி வகுப்பது?

---

லூமோதம்பி எழுதியது:

வகுக்காதீர்கள். அறுகோணச் சமச்சீரில் அந்தக் கிளர்வுக்கு அனுமதி கிடையாது, பூஜ்யம்தான் சரியான விடை. அதிர்வில் அறுகோணம் கோணும்போது பக்கத்து வலுவான நிலையிடமிருந்து கொஞ்சம் கடன் வாங்கிக்கொள்கிறது. ஹெர்ஸ்பெர்க்–டெல்லர் என்பார்கள். நீங்கள் பார்க்கும் பற்கள் அந்த அதிர்வுகள்தான். அளந்தால் எஃப் 0.001 அளவில் இருக்கும். அசையாத வடிவத்தில் போடும் கணக்கில் அது ஒருநாளும் வராது. தனித் திரி தொடங்குங்கள், பேசலாம்.

---

மஞ்சள்கிழங்கு எழுதியது:

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

ரெட்டைக்கற்றை அண்ணா, குடுவையின் அடியைப் பார்த்தேன். பழைய ஸ்டாக் கரைசல் அலமாரியில்தான் இருந்தது. ஜன்னலுக்கு நேராகத் தூக்கிச் சாய்த்தால், அடி விளிம்பில் ஆரஞ்சு நிறத்தில் பொடிப் பொடியாக நாலைந்து புள்ளிகள், கேசரியில் போட்ட குங்குமப்பூ மாதிரி. கரையவே இல்லை! மேலே இருந்த கரைசல் பளிச்சென்று மஞ்சளாக இருந்ததால் கரைந்துவிட்டது என்று நினைத்துவிட்டேன். மூன்று தடவையும் அதே மாதிரி கையால் பத்து ஆட்டு ஆட்டிவிட்டுக் குறிவரை ஊற்றியிருக்கிறேன். நீங்கள் சொன்ன "ஒரே தவறு" அதுதான்.

இந்த முறை 18.4 மி.கி., 250 மி.லி. குடுவை. பாதி மெத்தனால் ஊற்றி சோனிகேட்டரில் பத்து நிமிடம், ஆறவிட்டு, அடியைப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் குறிவரை ஊற்றினேன். அதிலிருந்து 2, 4, 6, 8, 10 மைக்ரோமோலார் என்று ஐந்து கரைசல். கோடு நேராக வந்தது, சரிவு, அதாவது எப்சிலான், 54,200. டைகுரோமேட் 0.638.

பரப்பை எக்ஸெலில் அலைஎண் அச்சில் கூட்டினேன், 330-இலிருந்து 520 வரை. எஃப் 1.21. சுருக்குவழியில் 1.11-தான் வந்திருக்கும். பட்டையின் நீலப் பக்கம் வால் மாதிரி இழுத்துக்கொண்டு போகிறது, மணி வடிவம் இல்லை. மிச்சம் 0.1 அந்த வாலில் இருக்கிறது. எங்கே வெட்டுவது என்பதில்தான் கொஞ்சம் தடுமாறினேன். 330-இல் ஒரு பள்ளம் தெரிந்தது, அங்கே வெட்டிவிட்டேன்.

கணினி 1.52, அளந்தது 1.21. வகுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டேன். 1.26! ஆரம்பித்த இடத்துக்கே வந்து நிற்கிறேன். வழிகாட்டியிடம் காட்டினால், "பத்து நாளா இதைத்தான் பண்ணியா?" என்றார். பழைய 1.26-இல் கரையாத மஞ்சளும், யாரோ வைத்த 0.333-உம் கலந்திருந்தது, ஒன்று ஏற்றியதை இன்னொன்று இறக்கியிருந்தது என்று பலகையில் எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, பிசிஎம் போட்டா என்ன வருது?" என்றார்.

போட்டேன். லூமோதம்பி சொன்னது மாதிரியே ஏறிவிட்டது, 1.67.

---

ரெட்டைக்கற்றை எழுதியது:

330-இல் வெட்டியதை அட்டவணைக்குக் கீழே எழுதிவிடுங்கள். 1.52, 1.67 இரண்டையும் போடுங்கள், எது கரைப்பான் இல்லாதது என்ற குறிப்போடு. படத்தில் கோட்டுக்கு அகலம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் 0.275 கொடுத்து, "அளந்த பட்டையிலிருந்து எடுத்தது" என்று எழுதுங்கள். அப்போது கணினியின் உச்சி உங்கள் உச்சிக்கு மேலே நிற்கும். நிற்கட்டும்.

குவெட்டை உடனே மெத்தனாலில் கழுவிவிடுங்கள். காய்ந்தால் மஞ்சள் மூலையில் ஒட்டிக்கொள்ளும், அடுத்து அளப்பவர் உங்களைத் திட்டுவார்.

---

டப்பாமூடி எழுதியது:

77-ஐ வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.